இடமற்றவர்களுக்கு ஒதுக்கிய இடம்: 1691 ரக்கா குடியேற்றம் குறித்த நிகழ்வு ஆய்வு

1691 ஆம் ஆண்டில் உதுமானியப் பேரரசு, இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதியான அனத்தோலியாவின் நடுவிலும் வட சிரியாவிலும் ஆடும் ஒட்டகமும் மேய்த்து வாழ்ந்த துர்க்மேன், குர்துக் குடிகளில் பலவற்றைக் குடும்பத்தோடும் மந்தையோடும் ரக்கா மாகாணத்துக்குக் கொண்டுபோய் அமர்த்தும்படி ஆணையிட்டது. யூப்ரடீஸ் ஆற்றில் வடக்கிலிருந்து வந்து சேரும் பலீக் என்னும் சிற்றாற்றின் கரையும், அதற்கு மேலே விரியும் ஹர்ரான் சமவெளியும் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டன. அங்கே அவர்கள் தரிசாகக் கிடந்த நிலத்தை உழ வேண்டும். வீடு கட்டி ஊராக வேண்டும். தெற்கே பாலைவெளியிலிருந்து ஏறி வரும் அரபுக் குடிகளைத் தடுத்து நிறுத்த வேண்டும். அதற்குக் கைம்மாறாகப் பல வரிகளிலிருந்து அவர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆனால் சில ஆண்டுகளுக்குள்ளேயே குடியமர்த்தப்பட்டவர்கள் கூட்டம் கூட்டமாகக் கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டு வடக்கே திரும்பத் தொடங்கினார்கள். அவர்களைப் பிடித்து மீண்டும் ரக்காவில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை அடுத்த நூற்றாண்டிலும் ஓயவில்லை.

நாடோடிகள் இயல்பாகவே ஓரிடத்தில் தங்காதவர்கள், ஆகவே திட்டம் தோற்றது என்று இந்த நிகழ்வை முடித்துவிடுவது எளிது. அக்கால அரசாணைகளும் அந்தத் தொனியில்தான் பேசுகின்றன. தப்பியோடியவர்களை அவை அடங்காதவர்கள் என்றும் கொள்ளையர்கள் என்றும் எழுதுகின்றன. இந்த விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இதே குடிகளை இதே அரசு அதற்கு முன் ஒன்றரை நூற்றாண்டு ஆண்டிருக்கிறது. அவர்களிடம் ஒழுங்காக வரி வாங்கியிருக்கிறது, வழக்குத் தீர்த்திருக்கிறது, போருக்கு ஒட்டகமும் ஆளும் பெற்றிருக்கிறது. அப்போது கைகொடுத்த ஆட்சிமுறை எது, 1691 இல் அது எங்கே அறுபட்டது என்று பார்த்தால்தான் ரக்காவில் நடந்தது விளங்கும்.

ஆட்டை எண்ணிய சட்டம்

உதுமானிய மாகாண நிர்வாகத்தின் அடிப்படை பதிவேடு. ஒரு நாட்டை வென்றதும் எழுத்தர்கள் ஊர் ஊராகச் சென்று குடும்பங்களையும், ஏர் நிலத்தையும், திராட்சைத் தோட்டத்தையும், மாவு அரைக்கும் ஆலையையும், தேன்கூட்டையும் எழுதிக்கொள்வார்கள். உழவன் நிலத்தோடு பிணைக்கப்பட்டவன். நிலத்தை விட்டுப் போனால் அதற்கென ஒரு தண்டத் தொகை உண்டு. இந்த ஏற்பாட்டுக்குள் கோடையில் ஒரு மாகாணத்திலும் குளிர்காலத்தில் மற்றொரு மாகாணத்திலும் வாழ்கிறவர்களை எப்படி எழுதுவது?

16 ஆம் நூற்றாண்டின் சட்டத் தொகுப்புகள் இதற்கு நேர்மையான ஒரு விடையைச் சொல்லின. நாடோடிக்கு இடம் என்று ஒன்று இல்லை, மண் அவனுக்கு வரையறுக்கப்படாது, விரும்பிய இடத்தில் அவன் திரிவான் என்பது அச்சட்டங்களின் சாரம். அவனை இடத்தின் பெயரால் எழுத முடியாது என்று ஒப்புக்கொண்ட அரசு, குலத்தின் பெயராலும் தலைவனின் பெயராலும் எழுதியது. அவனுடைய நிலத்தை அளக்க முடியாது என்பதால் ஆட்டை எண்ணியது. அரசாவணங்களில் இவர்களுக்கு வழங்கிய பெயரே 'தங்குவோர் பெயர்வோர்' என்று பொருள்படும் ஓர் இணைச்சொல்தான்; துருக்கியில் அதை 'கொனார் கொச்சேர்' என்பார்கள். தங்குவதும் பெயர்வதும் சேர்ந்ததே அந்த வாழ்க்கை என்று அரசுக்கு அப்போது தெரிந்திருந்தது.

இரண்டு ஆட்டுக்கு ஓர் அக்சே என்பது பொதுவான வீதம். அக்சே என்பது சிறு வெள்ளிக் காசு. எண்ணும் காலம் வசந்தம். குளிர்கால மேய்ச்சல் நிலத்தில் ஆடுகள் ஈன்று முடித்து, குட்டிகள் தாயோடு நடக்கத் தொடங்கி, மலையேற்றம் தொடங்குவதற்கு முன் கிடைக்கும் சில வாரங்களில்தான் மந்தை முழுவதும் கீழ்நிலத்தில் ஒருங்கே நிற்கும். மேலே போய்விட்டால் பள்ளத்தாக்குக்கு ஒரு கிடையாகப் பிரிந்துவிடும். பல மாகாணச் சட்டங்கள் தாயையும் குட்டியையும் சேர்த்தே எண்ணச் சொல்லின. நோயில் மந்தையை இழந்து ஆடில்லாமல் நின்றவனிடம் ஆட்டுவரி கேட்கப்படவில்லை. அவனுக்கு ஒரு சிறு தலைக்கட்டுத் தொகை மட்டும் இருந்தது. மந்தை பெருகினால் அரசுக்கு வருவாய் பெருகும், மந்தை சுருங்கினால் வரியும் சுருங்கும். வறண்ட புல்வெளியில் வாழ்கிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான வரி ஒன்றைக் கற்பனை செய்வது கடினம்.

வழிநடைக்கும் விதி இருந்தது. பெயர்ந்து செல்லும் குடிகள் வழியில் ஓரிடத்தில் மூன்று நாளுக்கு மேல் தங்கக் கூடாது. தங்கினால் அந்த நிலத்துக்குரியவருக்குப் புல்வரி கொடுக்க வேண்டும். பயிரில் ஆடு இறங்கினால் இழப்பீடு உண்டு, அதைத் தீர்ப்பவர் காதி எனப்பட்ட நீதிபதி. இந்தக் குடிகளுக்கெனத் தனி நீதி வட்டங்களே ஏற்படுத்தப்பட்டிருந்தன. நிலப்பரப்பில் எல்லை இல்லாத, மக்களால் மட்டுமே வரையறுக்கப்பட்ட நீதி வட்டம் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் ஓர் ஏற்பாடு.

இப்படி எழுதப்பட்ட குடிகளில் இரண்டு பெரிய கூட்டமைப்புகள் நம் நிகழ்வுக்கு முக்கியமானவை. ஒன்று போஸ் உலுஸ், அதாவது சாம்பல் நிறக் குலம். அக்கோயுன்லு என்ற துர்க்மேன் அரசு வீழ்ந்த பிறகு அதன் கீழிருந்த துர்க்மேன் குடிகளைச் சேர்த்துத் தியார்பக்கிர் மாகாணத்தில் உருவான தொகுதி இது. மார்தினுக்குத் தெற்கே உள்ள வெளிகளில் குளிர்காலத்தைக் கழித்து, கோடையில் எர்சுரும் பக்கத்து உயர்நிலங்களுக்கு ஏறுவது இவர்கள் வழக்கம். 1540 இல் இவர்களுக்கென்றே தனிச் சட்டம் எழுதப்பட்டது. மற்றொன்று யெனி இல், அதாவது புதிய நாடு. சிவாஸுக்குத் தெற்கே உள்ள உயர்ந்த மேய்ச்சல் நிலங்களைக் கோடைக்கு நாடி, குளிர்காலத்தில் அலெப்போ பக்கம் இறங்கிய குடிகளை 16 ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு நிர்வாக வட்டமாக ஆக்கியபோது இந்தப் பெயர் வந்தது.

இவர்கள் ஓரத்தில் ஒதுங்கிய சிறு கூட்டம் அல்ல. மேற்கு அனத்தோலியாவை உள்ளடக்கிய அனதோலு மாகாணத்தில் மட்டும் 1520 முதல் 1535 வரையிலான பதிவுகளில் சுமார் 77,000 நாடோடிக் குடும்பங்களும், 1570 முதல் 1580 வரையிலான பதிவுகளில் சுமார் 1,16,000 குடும்பங்களும் காணப்படுகின்றன. இஸ்தான்புல்லின் இறைச்சிக் கடைகளுக்குப் போன ஆடுகளிலும், அரண்மனைச் சமையலறைக்குப் போன வெண்ணெயிலும் இவர்கள் பங்கு இருந்தது. ஒட்டகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அரேபிய ஒற்றைத் திமில் ஒட்டகம் அனத்தோலியாவின் குளிரைத் தாங்காது. நடு ஆசிய இரட்டைத் திமில் ஒட்டகம் தெற்கின் வெயிலைத் தாங்காது. இரண்டையும் கலந்து, இரண்டிலும் பெரிதாக, கனத்த சுமை தூக்கும் கலப்பினத்தை வளர்த்தவர்கள் துர்க்மேன் குடிகள். பீரங்கிக் குண்டும் மாவு மூட்டையும் போர்முனைக்குப் போனது அந்த முதுகுகளில்தான்.

யாருடைய குடிகள்?

இவ்வளவு கவனமாகக் கட்டிய ஏற்பாட்டில் ஒரு விரிசல் தொடக்கத்திலிருந்தே இருந்தது. இந்தக் குடிகளின் வரி மாகாண ஆளுநருக்குப் போகவில்லை. போஸ் உலுஸின் வருவாய் சுல்தானின் சொந்தக் கணக்கில் சேர்ந்தது. யெனி இல் குடிகளின் வருவாய் 16 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மூன்றாம் முராதின் தாய் நூர்பானு சுல்தான் இஸ்தான்புல்லின் உஸ்குதாரில் கட்டிய மசூதி வளாகத்தின் வக்ஃபுக்கு, அதாவது அறக்கட்டளைக்கு, எழுதிவைக்கப்பட்டது. அதனால் சிவாஸ் மலையில் ஆடு மேய்த்தவர்களுக்கு உஸ்குதார் துர்க்மேன்கள் என்ற பெயரே ஏற்பட்டது. அரச கணக்கிலும் வக்ஃபுக் கணக்கிலும் இருந்த குடிகளின் விவகாரத்தில் மாகாண அதிகாரிகள் தலையிடக் கூடாது என்பது விதி. வரி வாங்க வருபவர் வொய்வோதா எனப்பட்ட தனி அலுவலர். குடிகளுக்குள் பொறுப்பேற்பவர்கள் கெத்குதா என்ற தலைவர்களும் குலத்தின் பெய் எனப்பட்ட தலைவர்களும்.

இதை ஆளுநரின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். சிவாஸ் மாகாணத்தில் ஓர் ஊரின் கோதுமை வயலில் கோடைத் தொடக்கத்தில் ஆயிரம் ஆடு இறங்குகிறது. கதிர் பால் பிடிக்கும் பருவம் அது. ஒரு பகல் பொழுது போதும், அந்த ஊரின் ஓராண்டு உணவு போய்விடும். உழவர்கள் காதியிடம் ஓடுகிறார்கள். காதி ஆளுநருக்கு எழுதுகிறார். ஆளுநர் ஆள் அனுப்பினால், இவர்கள் வக்ஃபுக்குரிய குடிகள், உங்களுக்கு இங்கே வேலையில்லை என்று வொய்வோதா மறிக்கிறார். வழக்கு இஸ்தான்புல்லுக்குப் போய், ஆணை திரும்பி வருவதற்குள் அந்தக் குடி மலையேறி அடுத்த மாகாணத்தில் இருக்கும். பதிவேடுகளில் திரும்பத் திரும்ப வரும் முறையீடுகளின் வடிவம் இதுதான். இதில் உழவனின் துயரம் உண்மையானது. நாடோடிகளின் பக்கம் நின்று எழுதும்போது அதைக் குறைத்துச் சொல்வது தவறாகும்.

மறுபக்கம், ஆளுநர்களும் சும்மா இருக்கவில்லை. பதவிக்காலம் குறுகியது, பரிவாரம் பெரியது, படைச்செலவு அவர்கள் தலையில். கையில் கிடைத்த குடிகளிடம் விருந்துச் செலவு என்றும் குற்றத் தண்டம் என்றும் கறந்தார்கள். 17 ஆம் நூற்றாண்டில் வொய்வோதா பதவியே குத்தகைக்குப் போனது. ஏலத்தில் எடுத்தவர், போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும் என்ற அவசரத்தில், எண்ணிய ஆட்டுக்கு மேல் எண்ணாத ஆட்டுக்கும் வரி கேட்டார். ஆட்டை உண்மையாக எண்ணுவதில்தான் பழைய ஏற்பாட்டின் உயிர் இருந்தது. அது போனபின் மிஞ்சியது வெறும் வசூல்.

வறட்சி, பெயர்ச்சி, போர்

1590களில் அனத்தோலியாவைக் கடும் வறட்சி தாக்கியது. மர வளையங்களைக் கொண்டு கணக்கிட்டவர்கள், பல நூற்றாண்டுகளில் அந்த நிலம் கண்ட மிக நீண்ட வறட்சிகளில் ஒன்று இது என்கிறார்கள். கால்நடைக் கொள்ளைநோயும் சேர்ந்துகொண்டது. ஹங்கேரியில் போர் நடந்துகொண்டிருந்ததால் ஆடு, தானியக் கொள்முதல் நிற்கவும் இல்லை. இதைத் தொடர்ந்து ஜெலாலி கிளர்ச்சிகள் எனப்படும் நீண்ட கலகம் வெடித்தது. உழவர்கள் ஊர்களைக் கைவிட்டு ஓடினார்கள்; துருக்கிய வரலாற்றில் அதற்குப் 'பெரும் ஓட்டம்' என்று பெயர். காலியான ஊர்களின் நிலம் புல்வெளியானது. கிழக்கே ஈரானின் சஃபாவி அரசோடு நடந்த போராலும் வறட்சியாலும் நெருக்குண்டிருந்த போஸ் உலுஸ் குடிகள் 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும் எண்ணிக்கையில் மேற்கு நோக்கிப் பெயர்ந்து கொன்யா, அங்காரா, அதற்கும் அப்பால் ஏஜியன் கடல் பக்கம் வரை பரவினார்கள்.

அவர்கள் பதிவேட்டில் தியார்பக்கிர் குடிகள், நின்றதோ கொன்யாவில். புதிய இடத்தில் அவர்களுக்கென வகுத்த கோடை நிலமும் இல்லை, குளிர்கால நிலமும் இல்லை, நடக்க வழக்கமான தடமும் இல்லை. ஓடிப்போன உழவர்கள் பிற்காலத்தில் ஊர் திரும்பியபோது அவர்கள் நிலத்தில் வேறொருவர் கிடை போட்டிருந்தார். 17 ஆம் நூற்றாண்டின் நாடோடிப் பிரச்சினை என்று ஆணைகள் குறிப்பிடுவதில் பெரும்பகுதி இதுதான்: சட்டம் வரைந்திருந்த பாதைகள் அழிந்துபோயின, புதிய பாதைகளை யாரும் வரையவில்லை.

1683 இல் வியன்னா முற்றுகை தோற்றது. 1686 இல் புடா நகரமும் 1688 இல் பெல்கிரேடும் கைவிட்டுப் போயின. 1689 இல் தலைமை வசீராக, அதாவது பேரரசின் முதல் அமைச்சராக, பொறுப்பேற்ற கொப்ருலு பாசில் முஸ்தஃபா பாஷா அடுத்த ஆண்டே பெல்கிரேடை மீட்டார். கூடவே அரசின் கணக்குகளையும் திருத்தத் தொடங்கினார். 1691 இல் முஸ்லிம் அல்லாதோரிடம் வாங்கிய ஜிஸ்யா வரி ஊர்த் தொகையாக இல்லாமல் ஆளுக்கு ஆள், வசதிக்கேற்ப மூன்று படிகளில் வாங்கப்படும் என்று மாற்றப்பட்டது. அதே ஆண்டில் பால்கன் பகுதியின் யொரூக் எனப்பட்ட துருக்கிய நாடோடிக் குடிகள் 'வென்றவர்களின் மக்கள்' என்ற புதிய பெயரில் படைக்குத் திரட்டப்பட்டார்கள். அனத்தோலியக் குடிகளிடமும் போருக்கு ஆள் கேட்கப்பட்டது. ரக்கா குடியேற்றமும் அந்த ஆண்டின் ஆணைதான். எண்ணப்படாமல் நிற்கும் எதையும் இனி விடமுடியாது என்ற நெருக்கடியிலிருந்து இவையெல்லாம் ஒரே மூச்சில் பிறந்தன. அவற்றைத் தொடங்கிய வசீர் 1691 ஆகஸ்ட் 19 அன்று ஸ்லாங்கமென் போர்க்களத்தில் குண்டுபட்டு இறந்தார். திட்டம் அவருக்குப் பின் வந்தவர்களின் கையில், போர் நிற்காத ஒரு பேரரசின் கையில், விடப்பட்டது.

பலீக் கரையில்

ரக்காவைத் தேர்ந்ததில் ஒரு தர்க்கம் இருந்தது. அப்பாசிய கலீஃபா ஹாரூன் அல் ரஷீத் 796 முதல் 808 வரை வாழ்ந்த நகரம் அது. பலீக் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் கால்வாய்களால் செழித்த நிலம். 13 ஆம் நூற்றாண்டில் மங்கோலியப் படையெடுப்பு அந்தப் பகுதியைச் சிதைத்தது; ஹர்ரான் நகரம் 1271 இல் காலி செய்யப்பட்டது. உதுமானியர் காலத்தில் ரக்கா என்பது மாகாணத்தின் பெயராக இருந்ததே தவிர, ஆளுநர் உட்கார்ந்தது வடக்கே உர்ஃபாவில். தண்ணீர் இருக்கிறது, மண் இருக்கிறது, மக்கள்தான் இல்லை என்று வரைபடத்தைப் பார்ப்பவருக்குத் தோன்றும். அங்கே மக்களைக் கொண்டுபோய் வைத்தால் நடு அனத்தோலியாவின் வயல்களுக்கு அமைதி கிடைக்கும், தரிசு விளையும், அலெப்போ சாலைக்குக் காவல் கிடைக்கும். ஒரே ஆணையில் மூன்று பயன். ஹமா, ஹோம்ஸ் பக்கங்களும் மன்பிஜும் அதானா கரையோரமும் இதே நோக்கில் குறிக்கப்பட்டன என்றாலும் சுமையின் பெரும்பகுதி ரக்காவின் மேல் விழுந்தது.

பெய்தில்லி, அவ்ஷார், ஜெரித் முதலிய பெயர்களைத் தாங்கிய குடிகள் கொண்டுசெல்லப்பட்டன. தலைவர்கள் ஒருவருக்கு ஒருவர் பிணையாக நிறுத்தப்பட்டார்கள். இடத்தை விட்டு அகன்றால் குடி முழுவதும் சேர்ந்து இவ்வளவு தொகை கருவூலத்துக்குச் செலுத்துவோம் என்று 'நெசிர்' எனப்படும் உறுதிமொழி காதியின் முன்னிலையில் எழுதி வாங்கப்பட்டது. நேர்ச்சை என்ற சமயச் சொல்லே இங்கே அபராதப் பத்திரமாகிவிட்டது. குடியேறியவர்களை மேற்பார்க்கக் குடியேற்றத் தலைவர் என்ற பதவியும் ஏற்பட்டது, துருக்கியில் இஸ்கான்பாஷி.

ஓர் ஆட்டு மந்தையின் ஆண்டை மனத்தில் வைத்துப் பார்த்தால் அடுத்து நடந்தது தானே தெரியும். ஹர்ரான் சமவெளியில் குளிர்கால மழைக்குப் பின் புல் நன்றாக எழும். பிப்ரவரி, மார்ச்சில் ஆடு ஈனுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. மே முடிவதற்குள் அந்தப் புல் காய்ந்து தூளாகிவிடும். கோடையில் வெயில் 40 பாகையைத் தாண்டும். அதனால்தான் பல நூறு ஆண்டுகளாக, அந்த வெளியில் குளிர்காலத்தைக் கழித்த எல்லாக் குடிகளும் மே மாதத்தில் வடக்கே மலையேறின. 1691 ஆணை அந்த மலையேற்றத்தைத்தான் தடுத்தது. குளிர்கால வீட்டில் கோடையிலும் இரு என்று அது சொன்னது.

ஆட்டுக்குச் சரியில்லாத இடத்தை உழவு ஈடுசெய்யும் என்பது ஆணையின் எதிர்பார்ப்பு. ஏர் பிடித்துப் பழகாதவர்கள் என்று இவர்களைச் சொல்ல முடியாது. குளிர்கால நிலத்தில் கொஞ்சம் வாற்கோதுமை விதைத்துவிட்டுப் போவது பல குடிகளின் வழக்கம். ஆனால் நானூறு ஆண்டுகளாகத் தூர்ந்த கால்வாயைத் தோண்ட வேண்டும், மாடு வேண்டும், முதல் அறுவடை வரை சாப்பாடு வேண்டும். வரி விலக்கு இவற்றில் எதையும் தராது. விளைச்சல் இருந்தால்தானே விலக்குக்குப் பொருள் உண்டு? ஆற்றோரச் சதுப்பில் கோடைக் காய்ச்சல் பரவியது. காற்றும் தண்ணீரும் ஒத்துக்கொள்ளவில்லை என்ற முறையீட்டை அரசு சாக்காக எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் உயர்நிலத்துக் குளிர்ந்த ஊற்றைக் குடித்து வளர்ந்த குழந்தைகளை அந்தக் கரையில் வைத்திருந்தவர்களுக்கு அது சாக்கல்ல.

கூடாரமும் ஒரு செய்தி சொல்லும். ஆட்டு மயிரில் நெய்த அவர்களுடைய கறுப்புக் கூடாரத்தின் நூல் மழையில் ஊதிக்கொண்டு நெசவின் இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். வெயிலில் சுருங்கிக் காற்றை உள்ளே விடும். பக்கத் துணியைச் சுருட்டிக் கட்டினால் நிழல் மட்டும் மிஞ்சும். மரமில்லாத அந்தச் சமவெளியில் இதை விட்டு மண்வீட்டுக்குள் போகச் சொன்னது, வாழத் தெரிந்த ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு தெரியாத ஒன்றைக் கட்டச் சொன்னதாகும்.

எல்லைக் காவல் என்ற பொறுப்பு இவை எல்லாவற்றையும்விடக் கனமானது. ரக்காவுக்குத் தெற்கே உள்ள வெளியில் மவாலி முதலிய அரபுக் குடிகள் நீண்ட காலமாக மேய்த்தன; அவர்கள் தலைவர்களில் சிலருக்கு உதுமானிய அரசே பாலைவனத் தலைமைப் பட்டமும் வருவாயும் கொடுத்து வைத்திருந்தது. 17 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரேபியத் தீபகற்பத்திலிருந்து வேறு குடிகளும் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன. மெல்ல நடக்கும் ஆட்டு மந்தையையும் குடும்பத்தையும் ஓரிடத்தில் வைத்துக்கொண்டு, வேகமான ஒட்டகத்திலும் குதிரையிலும் வந்து தாக்கி மறையும் கூட்டத்தை எதிர்ப்பது நடவாத காரியம். நகர முடிந்தவரை அவர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். நிலைநிறுத்தப்பட்டவுடன் அவர்களே வேட்டைப்பொருளானார்கள். கோட்டையும் சம்பளமும் தந்து செய்ய வேண்டிய காவலை, வரி விலக்கை மட்டும் தந்து செய்விக்கப் பார்த்தது அரசு. என் கணிப்பில் திட்டத்தின் மிகப்பெரிய பிழை இதுவே.

ஓட்டமும் துரத்தலும்

எனவே ஓடினார்கள். வசந்தம் முடியும்போது ஓடினார்கள் என்பது கவனிக்கத்தக்கது. அது கலகத்தின் பருவமல்ல, மலையேற்றத்தின் பருவம். ஆளுநர்களுக்குத் துரத்தும் ஆணை வந்தது. ஆனால் ரக்கா ஆளுநரின் படை பல சமயம் தொலைவில் உள்ள போர்முனைக்கு அழைக்கப்பட்டது. வடக்கே உள்ள ஆளுநர்களுக்கோ தப்பி வந்தவர்களைப் பிடித்துத் திருப்பியனுப்புவதைவிட அவர்களிடம் தண்டம் வாங்கிக்கொண்டு விட்டுவிடுவது லாபமாக இருந்தது. பழைய நாளில் குடிகளுக்கு ஒரு வொய்வோதா இருந்தார். இப்போது ஓடும் வழியெல்லாம் வசூலிப்பவர்கள் இருந்தார்கள். ஓடுபவனுக்குச் சட்டப்படி மேய்க்க நிலம் ஏது? அதனால் பயிரில் இறங்கினான், வழிப்பறியும் செய்தான். கொள்ளையர் என்று ஆணைகள் எழுதியது அந்த அளவில் பொய்யல்ல. அந்த நிலைக்குத் தள்ளியதில் ஆணைகளின் பங்கை மட்டும் அவை எழுதவில்லை.

1699 இல் கார்லோவிட்ஸ் உடன்படிக்கையோடு பெரும்போர் முடிந்தது. ரக்கா ஆணைகள் முடியவில்லை. 18 ஆம் நூற்றாண்டில் அவற்றின் பொருள் மாறியது. தொடக்கத்தில் ரக்கா பாழ்நிலத்தைச் செழிக்க வைக்கும் திட்டமாக இருந்தது. பின்னால் அது தண்டனையின் பெயரானது. எங்கேனும் ஒரு குடி ஊரைத் தாக்கியது என்று முறையீடு வந்தால், அதை ரக்காவுக்கு அனுப்பு என்பதே ஆணையின் வாசகம். குற்றவாளிகளை அனுப்பும் இடமாகிவிட்ட பிறகு அங்கே மனமொப்பி ஏர் பிடிப்பவர் யார்? துர்க்மேன் வாய்மொழிப் பாட்டுகளில் அந்தச் சமவெளி இன்றும் வெம்மையின், பிரிவின் இடமாகவே வருகிறது.

திட்டம் முழுவதும் வீண் என்றும் சொல்லிவிட முடியாது. உர்ஃபாவுக்குத் தெற்கிலும் பலீக் கரையிலும் சிலர் தங்கத்தான் செய்தார்கள். இன்றும் வட சிரியாவில் வாழும் துர்க்மேன் ஊர்களில் சிலவற்றின் வேர் அங்கே போகிறது. கணவாய்களிலும் சாலைகளிலும் காவலர்களாக அமர்த்தப்பட்ட குடிகள் பல இடங்களில் நிலைத்தன. அங்கே வேலை தெளிவானது, விலக்கு உடனே பயன் தந்தது, மேலே மேய்ச்சல் மலையும் பக்கத்தில் இருந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க நெவ்ஷெஹிர் பொருத்தமானது. 1718 முதல் 1730 வரை தலைமை வசீராக இருந்த இப்ராஹிம் பாஷா, தாம் பிறந்த முஷ்காரா என்ற சிற்றூரை நகரமாக எழுப்பினார்; நெவ்ஷெஹிர் என்றால் புதுநகர். மசூதி, பள்ளி, நூலகம், ஏழைகளுக்குச் சோறிடும் சமையற்கூடம், குளியலகம் எல்லாம் கட்டி, சுற்றுவட்டாரத்தில் துர்க்மேன் குடிகளை அமர்த்தினார். அவர்களில் பலர் தங்கினார்கள். நாட்டின் முதல் அமைச்சருடைய சொந்த ஊர் என்பதால் பணமும் கவனமும் கொட்டியது. அந்தச் சலுகை ரக்காவுக்கு வாய்க்காது என்பது உண்மைதான். ஆனால் அதைவிட அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. நெவ்ஷெஹிர் அமைந்த கப்பதோக்கியாவின் உயர்நிலம் அவர்கள் ஏற்கெனவே கோடையைக் கழித்துப் பழகிய காற்றும் புல்லும் உள்ள நிலம். நாடோடி தங்கமாட்டான் என்ற வாதத்துக்கு அந்த ஊர்களே மறுப்பு.

குடியேற்றத் தலைவர் பதவி

ரக்காவில் கடைசிவரை உயிரோடிருந்தது அந்த இஸ்கான்பாஷி பதவி. குடியமர்த்தப்பட்டவர்கள் நகராமல் பார்த்துக்கொள்ள, தண்டத்தொகையை வசூலிக்க, ஓடியவர்களைப் பிடிக்க, அந்த வெளியை அறிந்த ஒருவர் தேவைப்பட்டார். ஆளுநர்கள் வருவார்கள், போவார்கள்; குடித்தலைவர்தான் அங்கேயே இருப்பவர். 18 ஆம் நூற்றாண்டில் அந்தப் பட்டம் குர்து மில்லி கூட்டமைப்பின் தலைவர்களிடம் சேர்ந்தது. தாங்களே ரக்காவுக்குக் கட்டாயமாக அனுப்பப்பட்டவர்களில் ஒரு பிரிவினர் அவர்கள். பிறரை நகராமல் காக்கும் அதிகாரத்தை வைத்துக்கொண்டு, யூப்ரடீஸுக்கும் மார்தினுக்கும் இடையே யார் எங்கே மேய்க்கலாம், யார் எவருக்குக் கொடுக்க வேண்டும் என்பதை அவர்கள் தீர்மானிக்கத் தொடங்கினார்கள். அதாவது, கோடை நிலத்தையும் குளிர்கால நிலத்தையும் வழித்தடத்தையும் ஒதுக்கித் தரும் அந்தப் பழைய வேலையை, அரசு கைவிட்ட இடத்தில், இவர்கள் அரசின் பட்டத்தோடு செய்தார்கள்.

நூற்றாண்டின் இறுதியில் மில்லி தலைவர் திமூர் அவ்வளவு வலுப்பெற்றிருந்தார் என்பதற்கு, 1791 வாக்கில் பாக்தாத் ஆளுநர் சுலைமான் பாஷா அவரை அடக்கப் படையெடுத்து வர வேண்டியிருந்ததே சான்று. திமூர் தோற்று விலகினார். சில ஆண்டுகளில் திரும்பி வந்தார். 1800ஐ ஒட்டி இஸ்தான்புல் அவருக்குப் பாஷா பட்டத்தோடு ஒரு பதவியை அனுப்பியது: ரக்கா மாகாணத்தின் ஆளுநர்.